லிட்டர் கணக்கு: கொள்ளிலிருந்து சிப் வரை

நாளிதழின் உள்பக்கத்தில் டெண்டர் விளம்பரங்கள் வருமே, அவற்றை யாரும் படிப்பதில்லை. "மாநகராட்சி வாகனங்களுக்கு எரிபொருள் மேலாண்மைக் கருவி வழங்கி, நிறுவி, பராமரிக்க" என்று நாலு வரி வந்தால் தாண்டிப் போய்விடுவோம். ஆனால் நகராட்சி வாகனப் பிரிவில் கணக்கு எழுதியே தலை நரைத்த என் போன்றவர்களுக்குக் கண் அங்கேயே நின்றுவிடும். அந்த நாலு வரிக்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது.

முதலில் அது என்ன கருவி என்று சொல்லிவிடுகிறேன். வண்டியின் டீசல் டேங்க் வாயில் ஒரு வளையம் மாட்டுவார்கள். அதில் ஒரு சிப். பம்பின் நாசிலை உள்ளே விட்டதும், இது எந்த வண்டி என்று பம்புக்குத் தெரிந்துவிடும். டிரைவர் தன் ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். கிலோமீட்டரைச் சொல்ல வேண்டும். சில கருவிகள் அதையும் வண்டியிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால்தான் டீசல் இறங்கும். பாதியில் நாசிலை உருவிப் பக்கத்தில் இருக்கும் கேனில் பிடித்தால் பம்பு நின்றுவிடும். பூமிக்கடியில் இருக்கும் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு கம்பி நிமிஷத்துக்கு நிமிஷம் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். இண்டெண்ட் சீட்டு கிடையாது, கார்பன் காப்பி கிடையாது.

இவ்வளவு ஏற்பாடும் ஒரே ஒரு கேள்விக்காக: பொதுப்பணத்தில் வாங்கிய எண்ணெய் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வி மோட்டார் வண்டியோடு பிறந்ததல்ல. நகரங்களின் குப்பையை மாட்டு வண்டி இழுத்தபோது எரிபொருள் என்பது வைக்கோலும் பிண்ணாக்கும். குதிரை இழுத்தபோது கொள்ளு. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் மூடிக்கொள்ளும் என்று குதிரையைச் சொல்வோம். லாயத்தில் அந்தக் கொள்ளுக்கு வாயைத் திறந்தது குதிரை மட்டும்தானா என்பதுதான் அன்றைய தணிக்கைக் கேள்வி. அர்த்தசாஸ்திரத்திலேயே குதிரைகளுக்கென்று ஓர் அதிகாரியும், குதிரைக்கு இவ்வளவு தீனி என்ற அளவும் உண்டு. இழுக்கும் விலங்குக்கு அளந்து போட வேண்டும், அளப்பவனையும் கவனிக்க வேண்டும் என்பது அவ்வளவு பழைய அறிவு.

சென்னை நகரத்தின் முதல் இயந்திர வாகனத்துக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை என்பது வேடிக்கை. 1895-ல் ஓட ஆரம்பித்த மின்சார டிராமுக்கு வண்டிதோறும் எண்ணெய்க் கணக்கு தேவைப்படவில்லை. டிராம் டிரைவர் மின்சாரத்தைக் கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே! 1953-ல் டிராம் நின்றது. அதற்குள் நகரம் முழுக்கப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மாறியிருந்தது.

பெட்ரோல் முதலில் நம் ஊருக்கு டின்னில் வந்தது. டின்னை எண்ணினால் போதும், கணக்கு முடிந்தது. மண்ணெண்ணெய் பெரிய தொட்டிகளில் துறைமுகத்தருகே நின்றது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டு எரித்தது அப்படிப்பட்ட பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைத்தான். டின்னிலிருந்து தொட்டிக்கு எண்ணெய் மாறியபோதுதான் அளக்கும் கருவி அவசியமாயிற்று.

அந்தக் கருவி பிறந்த கதை சுவையானது. 1885-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேய்ன் என்ற ஊரில் ஒரு மளிகைக்கடை. மண்ணெண்ணெய்ப் பீப்பாய் கசிந்து பக்கத்திலிருந்த வெண்ணெய் கெட்டுப்போகிறது என்று கடைக்காரர் புலம்ப, சில்வேனஸ் பவுசர் என்பவர் ஒரு பம்பு செய்து கொடுத்தார். அதுதான் பின்னாளில் பெட்ரோல் பம்பாக வளர்ந்தது. அவர் பெயர் இன்றும் வழங்குகிறது. இலங்கைத் தமிழர்கள் எண்ணெய் லாரியைப் 'பவுசர்' என்றுதானே சொல்கிறார்கள்! அந்தப் பவுசர் இவர்தான்.

நம்மில் எழுபதைத் தாண்டியவர்களுக்குக் கைப்பம்பு நினைவிருக்கும். உச்சியில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஆள் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுவார். ஒரு குடுவை நிரம்பும்போது மற்றது வண்டிக்குள் இறங்கும். வாங்குபவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். அதில் இருந்த நேர்மை பின்னால் வந்த எண் சக்கரத்தில் இல்லை என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள்.

ஒவ்வொரு காலனுக்கும் அரசாங்கமே கணக்குக் கேட்ட காலம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன். கூப்பன் இல்லாமல் ஒரு சொட்டுக் கிடையாது. அப்போதுதான் கரி பஸ் வந்தது. பின்பக்கம் பீப்பாய் போல ஓர் அடுப்பு. கரியைப் போட்டு, கிளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றி, வாயு கிளம்பிய பிறகே வண்டி கிளம்பும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். எரிபொருளை அளந்து எரிப்பது என்ற பழக்கத்தை நம் வண்டிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது போர்க்காலம்தான்.

பிறகு அளவையே மாறியது. 1956-ல் மெட்ரிக் சட்டம். சில வருஷங்களில் காலன் போய் லிட்டர் வந்தது, மைல் போய் கிலோமீட்டர் வந்தது. ஒரு காலன் என்பது ஏறத்தாழ 4.55 லிட்டர். காலனுக்கு 12 மைல் என்று சொல்லிக்கொண்டிருந்த வண்டி, லிட்டருக்குச் சுமார் 4¼ கிலோமீட்டர் வண்டியானது. பழைய கையாட்கள் கொஞ்ச காலம் இரண்டையும் கலந்து எழுதியதில் வந்த குழப்பத்தை எனக்கு முந்தைய தலைமுறை எழுத்தர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

1973-ல் அடுத்த அடி. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் போனார். அமெரிக்காவில் வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாள் விட்டு நாள் பெட்ரோல் போட்டார்கள். அந்த எழுபதுகளில்தான் அங்கே நகராட்சிகளின் சொந்தப் பம்புகளில் சாவியும் அட்டையும் வரத் தொடங்கின. இன்றைய சிப்புக்கு அந்தச் சாவிதான் பாட்டன். நம் நாட்டில் எஸ்ஸோ 1974-லும் பர்மா ஷெல் 1976-லும் அரசுடைமையாயின. எரிபொருள் சிக்கனத்துக்கென்றே 1978-ல் பி.சி.ஆர்.ஏ. என்ற அமைப்பு வந்தது.

நம் ஊரில் இந்தச் சிக்கனத்தை உண்மையாகச் செய்து காட்டியவை போக்குவரத்துக் கழகங்கள். 1972 ஜனவரி 1-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. டிப்போவில் வேலை பார்த்தவர்களுக்கு 'கே.எம்.பி.எல்.' என்ற நாலெழுத்து தூக்கத்திலும் வரும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அது. இரவு வண்டி டிப்போவுக்குத் திரும்பியதும் டேங்கை முழுக்க நிரப்புவார்கள். இன்று எவ்வளவு பிடித்ததோ அதுதான் இன்றைய செலவு. அந்தத் தடத்தில் எத்தனை நடை, ஒரு நடைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது முன்பே அளந்து வைத்தது. மீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தூரம் மாறாது. வகுத்தால் விடை கிடைத்துவிடும். எந்த டிரைவர் எவ்வளவு எடுத்தார் என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். நல்ல டிரைவருக்கு அது பெருமை. சிலர் அதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஆபத்தைத் தேடிக்கொண்டதும் உண்டு.

நகராட்சி வண்டிகளின் கதை வேறு. பஸ்ஸுக்குத் தடம் உண்டு. குப்பை லாரிக்கு இன்று எந்தத் தெரு என்பது காலையில்தான் தெரியும். எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் லாக் புக். தேதி, புறப்பட்ட கிலோமீட்டர், திரும்பிய கிலோமீட்டர், என்ன வேலை, யார் உபயோகித்தது, பிடித்த டீசல், கையொப்பம். இண்டெண்ட் சீட்டு மூன்று பிரதி. ஒன்று பங்குக்கு, ஒன்று எங்களுக்கு, ஒன்று கட்டிலேயே இருக்கும். மாதக் கடைசியில் பங்க் பில்லையும் சீட்டையும் லாக் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பது என் வேலை.

பல வருஷம் அப்படி டிக் அடித்ததில் ஒன்று புரிந்தது. பொய்க் கணக்கு பெரும்பாலும் கோணலாக இருக்காது, ரொம்ப நேராக இருக்கும். உண்மையில் ஓடும் வண்டி ஒரு மாதம் 4.3 கொடுக்கும், மழை மாதத்தில் 3.8-க்கு இறங்கும், சர்வீஸ் முடிந்ததும் 4.5-க்கு ஏறும். எந்த வண்டி பன்னிரண்டு மாதமும் பிசகாமல் 4.0 கொடுக்கிறதோ, அந்த வண்டியின் மீட்டர் ஓடவில்லை என்று அர்த்தம். டீசலை நாலால் பெருக்கிக் கிலோமீட்டரை எழுதியிருப்பார்கள். 'மீட்டர் பழுது, மாற்றக் கோரியுள்ளது' என்ற குறிப்பு சில லாக் புக்குகளில் வருஷக்கணக்கில் இருக்கும். மாற்றித் தராதவர்கள் யார் என்று எந்தத் தணிக்கையும் கேட்டதில்லை.

கேள்வி எப்போதும் டிரைவரை நோக்கித்தான் வந்தது. அப்படி ஒன்றைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் இருந்த நகராட்சியில் கழிவுநீர் உறிஞ்சும் லாரி ஒன்று இருந்தது. அதன் டிரைவர் அதிகம் பேசாதவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு மாதக் கணக்கை எடுத்தார்கள். 26 நாள், 364 கிலோமீட்டர், 312 லிட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்ற அளவுகோல்படி 91 லிட்டர்தான் ஆகியிருக்க வேண்டும். 221 லிட்டர் அதிகம் என்று குறிப்பு எழுதி, அவர் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மாதத்தோடு நிற்காது, பின்னோக்கி இரண்டு வருஷத்துக்குக் கணக்குப் போடுவோம் என்றும் பேச்சு. அவருக்கு ஓய்வுபெற நாலு வருஷம் பாக்கி. வீட்டில் கல்யாண வயதில் பெண்.

அவர் என் மேஜைக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, வண்டி நின்னாலும் எஞ்சின் நிக்காதுப்பா."

அவ்வளவுதான் விஷயம். உறிஞ்சும் லாரி சாலையில் ஓடுவது கொஞ்சம், நின்றபடி இரைவதே அதிகம். எஞ்சின்தான் பம்பையும் சுற்ற வேண்டும். அதைக் கிலோமீட்டரால் வகுப்பது, கிரைண்டர் எத்தனை மைல் ஓடியது என்று கேட்பது போல. மேலதிகாரியிடம் சொல்லி ஒரு சோதனை வைத்தோம். டேங்கைத் தளும்ப நிரப்பி, வண்டியை நகர்த்தாமல் ஒரு மணி நேரம் பம்பை ஓட்டினோம். மறுபடி தளும்ப நிரப்ப 3 லிட்டர் பிடித்தது. பணிப்பதிவேட்டின்படி அவர் தினமும் பம்பு ஓட்டியது சராசரி 3 மணி நேரம். 26 நாளுக்கு 234 லிட்டர். அவர் அதிகம் எரித்ததாகச் சொன்னது 221. அதாவது, எரிந்திருக்க வேண்டியதைவிடக் குறைவாகத்தான் அவர் எரித்திருந்தார்.

பிடித்தம் ரத்தாயிற்று. ஆனால் அதற்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். 'டீசல்' என்று பின்னாலிருந்து யாரோ ஒரு குரல் கொடுத்தார்களாம். மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயமில்லை என்பார்கள். பயமில்லைதான். ஆனால் அவமானத்துக்கு மடிக்கனம் தேவையில்லையே.

அதற்கப்புறம் எங்கள் பிரிவில் நின்று வேலை செய்யும் வண்டிகளுக்கு மணிக்கணக்கில் அளவு வைத்தோம். மண் அள்ளும் இயந்திரத்துக்கு மணிக்கு இவ்வளவு, உறிஞ்சும் லாரிக்கு மணிக்கு இவ்வளவு, தெருவுக்கு ஓடும் லாரிக்கு மட்டும் கிலோமீட்டர். லாக் புக்கில் ஒரு கட்டம் கூடியது, அவ்வளவுதான். ஒரு மனிதனின் பெயர் அந்த ஒரு கட்டத்தில் அடங்கியிருந்தது.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும்: பூமிக்கடி டேங்கில் குறைகிறதே, யார் எடுத்தது? டிப் ராடை இறக்கிப் பார்த்துப் பதிவேட்டோடு ஒப்பிடும்போது நாற்பது, ஐம்பது லிட்டர் இடிக்கும். இதில் இயற்கையின் பங்கும் உண்டு. டீசல் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 10 டிகிரி மாறினால் 10,000 லிட்டரில் ஏறத்தாழ 80 லிட்டர் கூடவோ குறையவோ தெரியும். மதிய வெயிலில் வந்த லாரி இறக்கிய டீசல் பூமிக்கடியில் ஆறினால் அளவு குறையத்தான் செய்யும். அதனால்தான் பங்குகளில் அடர்த்தியை 15 டிகிரிக்குக் கணக்கிட்டு எழுதுகிறார்கள். இந்த விவரம் தெரியாமல் எத்தனை ஸ்டோர் கீப்பர்கள் மெமோ வாங்கினார்களோ!

இந்த இடத்தில் புதிய கருவியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பூமிக்கடிக் கம்பி அளவோடு சூட்டையும் சேர்த்துச் சொல்லிவிடும். எந்த நாள், எந்த மணி, எந்த நாசில், எந்த வண்டி என்பதில் தகராறு கிடையாது. சீட்டைத் திருத்த முடியாது. சொந்த பங்க் இல்லாத சிறிய அலுவலகங்களுக்கு எண்ணெய்க் கம்பெனிகளே வண்டி அட்டை கொடுக்கின்றன. 2022-ல் இலங்கையில் எரிபொருள் இல்லாமல் மக்கள் நாள்கணக்கில் பவுசருக்காக வரிசையில் நின்றபோது, நாடு முழுவதற்கும் கியூஆர் அட்டை கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று தொடங்கினார்கள். வரிசை குறைந்தது. 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். 1941-ன் கூப்பன் செய்த அதே வேலைதான். ஆனால் ஒரே கூப்பனில் இரண்டு தடவை வாங்க முடியாது என்பது புதிது.

ஆனாலும் ஒரு லிட்டருக்கு இரண்டு பக்கக் கணக்கு உண்டு. எவ்வளவு போயிற்று என்பது ஒரு பக்கம். போனதற்கு என்ன வேலை நடந்தது என்பது மறு பக்கம். கொள்ளுப் படியிலிருந்து சிப் வரை வந்த கருவிகள் எல்லாம் முதல் பக்கத்தைத்தான் திருத்தின. இரண்டாவது பக்கத்தை இன்றும் மனிதர்தான் எழுத வேண்டியிருக்கிறது. தெருவில் குப்பை எடுத்தார்களா, அடைப்பு நீங்கியதா என்பதை டேங்க் வாயில் மாட்டிய வளையம் எப்படிச் சொல்லும்? அந்த வளையத்தோடு ஓர் அளவுகோலையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அளவுகோல் தவறாக இருந்தால், முன்பு ஏழு மாதம் கழித்துத் திருத்திய பழி இப்போது ஒரே நொடியில் அச்சாகி வரும். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்பார்கள். மறுபேச்சு ஏது?

ஆகவே கருவி வாங்கும் மன்றங்களுக்கு ஒரு பழைய எழுத்தனாகச் சில வார்த்தைகள். டெண்டரில் நாசிலுக்கும் சிப்புக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். கூடவே, நின்று வேலை செய்யும் வண்டிகளுக்கு மணி மீட்டர் உண்டா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அளவுகோலை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வைக்காமல், டேங்கைத் தளும்ப நிரப்பி, வண்டியை ஓட்டிப் பார்த்து வையுங்கள். வண்டி பழையதாகும்போது அதையும் மாற்றுங்கள். கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டினால் மெமோ அடிப்பதற்கு முன் டிரைவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கணக்கை அவரே பார்க்க வழி செய்யுங்கள். டிப்போப் பலகையில் அது இருந்ததே!

இப்போது மறுபடி மின்சாரம் வந்துவிட்டது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து சென்னையின் மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. டிராம் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனி லிட்டர் போய் யூனிட் வரும், கேன் திருட்டு ஒழியும். கே.எம்.பி.எல். என்ற நாலெழுத்துக்குப் பதில் வேறு எழுத்துகள் வரும். ஏ.சி. போட்ட நாளில், நெரிசலில் நின்ற நாளில், மழை நாளில் யூனிட் கூடும். அப்போதும் ஒரு டிரைவர் ஏதோ ஒரு மேஜை முன் வந்து நின்று, ஏன் கூடிற்று என்று ஒரே வரியில் சொல்வார். அதைக் காது கொடுத்துக் கேட்டு, சோதித்துப் பார்க்க அந்த மேஜையில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்தப் பதவியை மட்டும் தயவுசெய்து ஒழித்துவிடாதீர்கள்.